மூன்று அகாடமிகளின் கோடை ஆய்வு உதவித்தொகை: நான் விண்ணப்பித்துப் போய்வந்த கதை

பி.எஸ்ஸி. படிக்கும்போதே ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாதம் வேலை செய்யலாம், அதற்கு ஸ்டைபண்ட் எனும் உதவித்தொகையும் ரயில் கட்டணமும் கொடுப்பார்கள் என்ற விஷயம் எங்கள் கல்லூரியில் அநேகமாக யாருக்கும் தெரியாது. எங்களுக்கு ஒளியியல் எடுத்த மேடம் சொல்லித்தான் எனக்கே தெரியும். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி, டெல்லியில் உள்ள இந்திய தேசிய அறிவியல் அகாடமி, பிரயாக்ராஜில் உள்ள தேசிய அறிவியல் அகாடமி ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் திட்டம் அது. பெங்களூர் அகாடமியை 1934இல் தொடங்கியவர் சர் சி.வி. ராமன். திருச்சியில் பிறந்த மனிதர் தொடங்கிய அமைப்பின் கதவு நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

இதை எழுதக் காரணம் உண்டு. ஐஐடி, ஐசர் போன்ற மத்திய அரசு உயர்கல்வி நிறுவன மாணவர்களுக்கு இதையெல்லாம் சீனியர்களே சொல்லிவிடுவார்கள். பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரிகளில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. மார்க் குறைவு என்பதால் நம் பிள்ளைகள் பின்தங்குவதில்லை. கோடைக்கான விண்ணப்பம் முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே முடிந்துவிடும் என்று தெரியாமல், ஏப்ரலில் தேடத் தொடங்குவதால்தான் பின்தங்குகிறார்கள்.

விண்ணப்பத்தில் மதிப்பெண் விவரங்களை நிரப்புவது ஒரு மாலை நேர வேலை. மற்ற இரண்டு பகுதிகளுக்குத்தான் நேரம் வேண்டும். ஒன்று, எந்த ஆய்வில் ஈடுபட விரும்புகிறோம், ஏன் என்று நாமே எழுதும் சில பத்திகள். இன்னொன்று ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம்.

"சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம் என்ற வரியை எல்லாரும் எழுதுவாங்கம்மா. படிக்கிறவருக்கு அதிலிருந்து உன்னைப் பற்றி எதுவும் தெரியாது. நம்ம லேப்ல உனக்கு வந்த ஒரு சந்தேகத்தை எழுது" என்றார் மேடம். எனக்கு அப்படி ஒன்று இருந்தது. ஸ்பெக்ட்ரோமீட்டரில் கிரேட்டிங் (மிக நெருக்கமாகக் கோடுகள் கொண்ட தகடு) வைத்துச் சோடியம் விளக்கின் அலைநீளத்தை அளப்பது எல்லாருக்கும் தெரிந்த சோதனை. எங்கள் கிரேட்டிங்கில் ஓர் அங்குலத்துக்கு 15,000 கோடுகள். அதாவது கோட்டுக்குக் கோடு சுமார் 1.7 மைக்ரோமீட்டர். சோடியம் ஒளியின் 589 நானோமீட்டருக்கு அது பொருந்துகிறது. படிகங்களை ஆராயும் எக்ஸ் கதிரின் அலைநீளமோ அதைவிடச் சில ஆயிரம் மடங்கு சிறியது. அந்த அளவுக்கு நெருக்கமாக யார் கோடு கிழிப்பது? படிகத்தில் அணுக்கள் அடுக்கியிருக்கும் வரிசையே கிரேட்டிங் ஆகிவிடுகிறது என்று பாடத்தில் வருகிறது. எங்கள் கல்லூரியில் எக்ஸ் கதிர் கருவி இல்லாததால் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு படிகத்தின் அடுக்கு இடைவெளியை நானே அளந்து பார்க்க வேண்டும், அந்தப் படிகத்தை நானே உருவாக்கினால் இன்னும் நல்லது என்று எழுதினேன். ஆடம்பரமான சொல் ஒன்றுகூட இல்லை. செய்த சோதனை, அது நின்றுபோன இடம், அதற்கு மேல் தெரிந்துகொள்ள விரும்புவது, அவ்வளவுதான்.

பரிந்துரைக் கடிதத்தைப் பொறுத்தவரை, ஆசிரியருக்கு நம்மைத் தெரியும் என்பது மட்டும் போதாது. அறுபது பேர் வகுப்பில் நாம் செய்தது அத்தனையும் அவருக்கு நினைவிருக்காது. மேடம் கேட்பதற்கு முன்பே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எந்தெந்த சோதனை செய்தேன், எந்த செமினார் எடுத்தேன், எந்தக் கேள்விக்காக அவரைத் தேடி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தேன் என்று தேதியோடு. "இப்படிக் கொடுத்தா எழுதுறது எனக்கும் சுலபம்" என்று அன்றே உட்கார்ந்து எழுதினார். கடைசி நாளன்று ஆசிரியர் விடுப்பில் இருந்தால் எல்லாமே வீண் என்பதால், கடிதத்தை முதலில் முடித்துவிடுவது நல்லது.

ஒரே கூடையில் எல்லாவற்றையும் போடாமல் வேறு இடங்களையும் பார்த்து வைத்தேன். ஐஐடி மெட்ராஸ் கோடை ஃபெல்லோஷிப், பெங்களூர் ஜவகர்லால் நேரு உயராய்வு மையம், மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம், வானியல் பிடித்தவர்களுக்குப் புனேயின் ஐயூக்கா வானியல் மையம், கணிதமும் கோட்பாட்டு இயற்பியலும் பிடித்தவர்களுக்குத் தரமணி கணித அறிவியல் நிறுவனம் என்று பட்டியல் நீளும். வெளிநாடு என்றால் பொறியியல் மாணவர்கள் அதிகம் முயல்வது ஜெர்மனியின் டாட் வைஸ், கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க். டாட் வைஸுக்கு ஜெர்மன் பேராசிரியர் ஒருவரின் அழைப்புக் கடிதத்தை நாமே வாங்க வேண்டும். மைட்டாக்ஸ் 12 வாரம். இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்கும் அமெரிக்க ஆர்.இ.யூ. எனும் இளநிலை மாணவர் ஆய்வுத் திட்டங்கள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டும். அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். நாமே காசு கட்டிச் சேர்ந்து சான்றிதழ் வாங்கும் 'இன்டர்ன்ஷிப்' பக்கம் போகவே வேண்டாம். உண்மையான ஆய்வுக்கு ஆள் எடுப்பவர்கள் மாணவரிடம் பணம் கேட்பதில்லை.

தேர்வானதாகத் தகவல் வந்தபோது மகிழ்ச்சியோடு தேதிக் கவலையும் சேர்ந்தே வந்தது. எங்கள் பல்கலைக்கழகத் தேர்வு மே மாதத்துக்குள் நீண்டது. அடுத்த செமஸ்டரோ ஜூனிலேயே தொடங்குகிறது. எட்டு வாரத்துக்கு அந்த இடைவெளி போதாது. ஆய்வுக்கூடத்தில் எனக்கு வழிகாட்டியாக இருக்கப்போகும் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதி, தேர்வு முடிந்த மறுவாரம் சேரச் சம்மதம் வாங்கினேன். பிறகு துறைத்தலைவர் வழியாக முதல்வரிடம் ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் வருகைப்பதிவுக்கு அனுமதியும் கேட்டேன். இந்த இரண்டையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். வாய்வார்த்தை ஹால் டிக்கெட் நேரத்தில் உதவாது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டைபண்ட் உண்டு என்றால் போன முதல் நாளே கையில் பணம் இருக்கும் என்று பொருளில்லை. இதுபோன்ற திட்டங்களில் வங்கி விவரம் கொடுத்து, சேர்ந்ததற்கான கடிதம் போய், அதன் பிறகே வரும். விடுதி முன்பணம், மெஸ், பஸ் எல்லாவற்றுக்கும் முதல் மாதத்துக்கு நாமே வைத்திருக்க வேண்டும். அப்பா சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். திரும்பி வந்ததும் கொடுத்துவிட்டேன். கையில் வைத்துக்கொள்ள வழியில்லாதவர்கள் கூச்சப்படாமல் வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விடுதிக் கட்டணத்தைப் பிறகு கட்ட ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்பதில் தவறே இல்லை. ரயில் டிக்கெட்டை மட்டும் தொலைக்கக் கூடாது.

ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கிடைத்தது துத்தநாக ஆக்சைடு மென்படலம். கண்ணாடித் துண்டுகளை சோப்பு நீர், அசிட்டோன், ஐசோபுரோபனால் என்று வரிசையாகக் கழுவுவதிலேயே முதல் நாட்கள் போயின. அங்கே பிஎச்.டி. செய்த கேரளத்து அக்கா, "இந்தக் கண்ணாடி சுத்தமா இல்லேன்னா மேலே போடுறது எதுவும் நிக்காது" என்று ஒவ்வொன்றையும் விளக்கொளியில் சாய்த்துப் பார்ப்பார். துத்தநாக அசிடேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிமிடத்துக்கு 3,000 சுற்றில் சுழற்றி, உலையில் சுட்டால் படலம் தயார். வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. எக்ஸ் கதிர் கருவியில் வைத்ததும், எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் திரும்புகிறது என்று காட்டும் வரைபடத்தில் 34.4 டிகிரிக்குப் பக்கத்தில் ஓர் உச்சி எழுந்தது. கருவியில் செம்பிலிருந்து வரும் எக்ஸ் கதிரின் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு), கோணத்தையும் அலைநீளத்தையும் அடுக்கு இடைவெளியோடு இணைக்கும் பிராக் சமன்பாட்டில் போட்டால் அடுக்கு இடைவெளி 2.6 ஆங்ஸ்ட்ராம். விண்ணப்பத்தில் கேட்டிருந்த அதே அளவை என் கையாலேயே கணக்கிட்டேன். அன்று மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லை.

நான்காம் வாரம் ஓர் அறிக்கை, எட்டாம் வாரம் முழு அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. உச்சியின் அகலத்தை வைத்துப் படிகத் துகளின் அளவைக் கணக்கிட்டிருந்தேன். வழிகாட்டி படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இதில் கருவியால் வந்த அகலம் எவ்வளவு?" அதை அளக்க நன்கு படிகமான ஒரு பொடியை வைத்துத் தனியாக ஒரு முறை ஓட்டி, அந்த அகலத்தைக் கழித்து, திரும்ப எழுதினோம். பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் முடிகிற சமன்பாட்டுக்குப் பின்னால் இவ்வளவு வேலை இருக்கிறது என்று அங்கேதான் கற்றேன்.

இப்போது எங்கள் துறை அறிவிப்புப் பலகையில் மேடம் செப்டம்பரிலேயே இந்தத் திட்டங்களின் பெயர்களை எழுதிப் போடுகிறார். இரண்டாம் ஆண்டில் இருப்பவர்கள் விடுமுறைக்குக் காத்திருக்காமல் இந்த செமஸ்டரின் லேப் ரெக்கார்டை ஒரு முறை புரட்டி, விடை கிடைக்காமல் விட்ட ஒரு கேள்வியைக் குறித்துக்கொண்டு, உங்கள் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.