கணக்கு எப்ப முடியும்?

பள்ளத்தூர் வீட்டு வளவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மூன்று வருடம் கழித்து இப்போதுதான் ஊருக்கு வர முடிந்தது. பெட்டியை இறக்கி வைத்ததும் அப்பத்தா கேட்டது ஒன்றுதான்: "ஆத்தா, ஒன் கணக்கு எப்ப முடியும்?"

எங்கள் பக்கத்தில் இது வழிவழியாக வரும் கேள்வி. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார் ஆண்கள் மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார்கள். அப்பத்தாவின் மாமனார் ரங்கூனில் அப்படி இருந்தவர். பெண்கள் அப்போது வீட்டோடு. நான் போனது அமெரிக்காவில் பிட்ஸ்பர்குக்கு, கணினி உயிரியலில் (உயிரியல் தரவுகளைக் கணினியால் ஆராயும் துறை) பிஎச்டி செய்ய. அங்கே மூன்று வருடம் என்பது பாதி வழி. ஐந்து ஆகலாம், ஆறும் ஆகலாம். இன்ன மாதம் முடியும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இதை வீட்டில் புரிய வைப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிர்தகவலியல் எம்.எஸ்சி. படிக்கும் ஒரு தங்கச்சி, எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டு நேற்று வந்தாள். நானும் அங்கே படித்தவள்தான். அவளிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடிந்துவிடும். இந்தத் துறையில் பல இடங்களில் இப்போது ஜிஆர்இ என்ற தகுதித் தேர்வு மதிப்பெண் கேட்பதில்லை. மூன்று பேரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். உங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் எழுதுவது, பெரிய பதவியில் இருப்பவர் எழுதுவதைவிட மேல். இடம் கிடைத்துவிட்டால் பெரும்பாலும் கல்விக் கட்டணம் அவர்கள் பொறுப்பு, மாதாமாதம் உதவித்தொகையும் வரும். நகையை அடகு வைக்க வேண்டுமோ என்று அவள் அம்மாவைப் போல யாரும் பயப்பட வேண்டாம்.

முதல் வருடம் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. ஏன் ஆய்வு செய்ய வருகிறோம் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்க அறிக்கை, அந்த முறை முழுக்கச் சின்ன வயது ஆசைக் கதை. மறு வருடம் அதை அப்படியே தூக்கிப் போட்டேன். எம்.எஸ்சி. திட்டப்பணியில் செய்த ஒரு வேலை, அதில் விடை கிடைக்காமல் நின்ற ஒரு கேள்வி, அதை எப்படித் தொடர நினைக்கிறேன், இவ்வளவுதான் எழுதினேன். ஜனவரியில் ஜூமில் நேர்காணல். அவர்களுக்குக் காலை பத்தரை, நமக்கு இரவு ஒன்பது. ஒரு பேராசிரியர் கேட்டார்: "உங்கள் முடிவு தப்பாக இருந்தால் அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" சரியான பதில் எனக்கு வரவில்லை. ஆனாலும் இடம் கிடைத்தது.

பிட்ஸ்பர்க் முழுக்க ஏற்றமும் இறக்கமும். மாணவர் அட்டையைக் காட்டினால் பஸ்ஸுக்குக் காசில்லை. பனி பழகிவிட்டது, டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுவதுதான் இன்னும் பழகவில்லை. நுண்ணுயிரியல் படிக்கும் அறைத்தோழி, என் கல்பாசிப் பொட்டலத்தை வாங்கிப் பார்த்து "இது லைக்கன்!" என்று கத்தினாள். பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர் அது. நாங்கள் கோழிக் குழம்பில் போடுவோம் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே வைத்துக் கொடுத்தேன்.

முதல் வருடம் மூன்று ஆய்வகங்களில் பத்துப் பத்து வாரம் வேலை பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் பையன்களைக் கடையில் பெட்டியடியில் உட்கார வைத்துத் தொழில் பழக்கிய மாதிரிதான். இரண்டாவது ஆய்வகத்தில் எனக்கு ஈ. கோலை பாக்டீரியாவின் மரபணுக்களைப் பிரித்தெடுக்கும் வேலை. அதன் மரபணுத்தொகை, அதாவது மொத்த டிஎன்ஏ, ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்தில் எழுதினால் சுமார் 46 லட்சம் எழுத்து. மரபணுக்கள் பெரும்பாலும் ஏடிஜி என்ற மூன்றெழுத்தில் தொடங்கும். நான் எடுத்தவற்றில் பாதி, வெறும் டிஜி என்று தொடங்கின. மீதிப் பாதி ஒழுங்காக இருந்தன. நான் எழுதிய கணினி நிரலில் தப்பு என்றால் எல்லாமே கெட்டிருக்க வேண்டுமே என்று எட்டு நாள் வேறெங்கோ தேடினேன்.

மரபணுக்களின் இடத்தைச் சொல்லும் ஜிஎஃப்எஃப் கோப்பு முதல் எழுத்தை 1 என்று எண்ணுகிறது. நான் நிரல் எழுதிய பைத்தான் மொழி 0 என்று எண்ணுகிறது. கோப்பில் இருந்த எண்ணை மாற்றாமல் அப்படியே கொடுத்திருந்தேன். அதனால் எல்லா மரபணுவிலும் ஓர் எழுத்து விழுந்திருந்தது. டிஎன்ஏவுக்கு இரண்டு இழை. ஓர் இழையில் இருந்தவை முதல் எழுத்தை இழந்திருந்தன. எதிர் இழையில் இருப்பவற்றைத் திருப்பிப் படிப்பதால் அவை கடைசி எழுத்தை இழந்திருந்தன. தொடக்கத்தை மட்டும் பார்த்த எனக்கு அவை சரியாகத் தெரிந்தன. நேர்காணலில் கேட்ட கேள்விக்குப் பதில் அன்றுதான் கிடைத்தது. முதலைப் பார், கடைசியைப் பார், மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகப் படிப்பதால் நீளம் மூன்றால் வகுபடுகிறதா என்று பார். இப்போதும் எந்த வேலை எடுத்தாலும் முதலில் இந்தச் சோதனைகளைத்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் வருட முடிவில் தகுதித் தேர்வு. ஆய்வுத் திட்டத்தை எழுதிக் கொடுத்து, பேராசிரியர்கள் குழு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். நல்லபடியாக முடிந்தது. இனி வருடம் ஒருமுறை அந்தக் குழு கூடி, எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று பார்க்கும்.

விழுந்துபோன எழுத்தின் கதையை அப்பத்தாவிடம் சொன்னேன். முழுதும் கேட்டார்கள். "எங்க மாமனாரும் அப்படித்தான். அந்தியில பேரேடு ஒரு தம்படி இடிச்சாலும் சாப்பிட எந்திரிக்க மாட்டாகளாம். நீ எத்தனை நாள் தேடுன?"

"எட்டு நாள்."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அப்பத்தா. கணக்கு முடிய இன்னும் ரெண்டு வருஷம், மூணானாலும் ஆகும்."

"அப்பக் கல்பாசி கூடக் கட்டணும்" என்று எழுந்து உள்ளே போனார்கள்.