ஆடிப்பூரத்துக்கு ஒரு மாலை, ஒரு சட்டி அக்காரவடிசில்

சூடிக்கொடுத்த சுடர்க்கொடி ஆண்டாளுக்குத் திருவாடிப்பூர வாழ்த்துகள். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுத்துவிட்டு, ஈரத் தலையோடு கோயில் வாசலில் வந்து நிற்கப்போகும் அக்கா தங்கச்சிமார் எல்லாருக்கும் அதே வாழ்த்து.

ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் கேட்கிற கேள்வி இது: "சாமிக்கு நாம வாழ்த்துச் சொல்லலாமா? சாமிதானே நம்மை வாழ்த்தணும்?" ஆண்டாள் விஷயத்தில் இதற்குப் பதில் அவள் வீட்டிலேயே இருக்கிறது. அவளைத் துளசிச் செடியடியில் கண்டெடுத்து வளர்த்த பெரியாழ்வார், பெருமாளுக்கே கண்பட்டுவிடுமோ என்று பயந்து பல்லாண்டு பாடியவர். அப்பா பெருமாளை வாழ்த்தினார், அடியார்கள் மகளை வாழ்த்துகிறார்கள். வைணவக் கோயில்களில் ஆண்டாளுக்கென்றே வாழித்திருநாமம் உண்டு. ஆடிப்பூரத்தில் உதித்தவள் வாழி, திருப்பாவை முப்பதும் சொன்னவள் வாழி என்று அடி அடியாகப் போகும். ஆகவே தயங்காமல் வாழ்த்துங்கள். சொல்லை மட்டும் சரியாகப் போடுங்கள். ஆழ்வார்களுக்கு "திருநட்சத்திரம்" என்பதே வழக்கு. "ஆண்டாள் திருநட்சத்திர வாழ்த்துகள்" என்றால் போதும், பொருத்தமாகவும் இருக்கும்.

சொல்லில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், பூரம் கழிந்த நாலாம் நாள் சுவாதி. ஆடிச் சுவாதி சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசை. பெரும்பாலான வருஷங்களில் இரண்டும் ஒரே கிழமைக்குள் வந்துவிடும். ஆண்டாள் வாழ்த்தை அனுப்பிய சூட்டோடு, பெயரை மட்டும் மாற்றி, "சுந்தரருக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று போனில் தட்டிவிடுகிறார்கள். ஆழ்வார்களுக்கு நாம் கொண்டாடுவது அவதரித்த நட்சத்திரம். நாயன்மார்களுக்குக் கொண்டாடுவது இறைவனடி சேர்ந்த நட்சத்திரம். சுந்தரர் வெள்ளை யானையில் கயிலை போன நாள் அது. அவர் தோழர் சேரமான் பெருமாளுக்கும் அன்றுதான் குருபூசை. அங்கே "பிறந்தநாள்" என்று போட்டால் பிழை.

நாள் பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. வாக்கியம், திருக்கணிதம் இரண்டு பஞ்சாங்கமும் நம் வீடுகளில் தொங்குகின்றன. இரண்டிலும் நட்சத்திரம் முடியும் நேரம் சில மணி வித்தியாசப்படும். சில வருஷம் நாளே மாறிவிடும். தவிர, ஆடி 31 அல்லது 32 நாள் நீளும் மாதம். நட்சத்திரச் சுற்றோ 27 நாளும் சொச்சமும். மாதத் தொடக்கத்தில் பூரம் வந்துவிட்டால் கடைசியில் இன்னொரு பூரம் வரும். எதை எடுப்பது என்பதைப் பூசை செய்யும் ஐயரிடம் ஆனி மாதத்திலேயே கேட்டு, கோயில் கமிட்டி ஒரே நாளைப் பலகையில் எழுதிவிட வேண்டும். தோட்டத்தின் மேல் டிவிஷன் (பிரிவு) ஒரு நாள், கீழ் டிவிஷன் ஒரு நாள் என்று பிரிந்தால் பாலும் பூவும் இரண்டு தரம் தேட வேண்டி வரும்.

பெனர் அடிப்பவர்கள் படத்தைப் பாருங்கள். இணையத்தில் "கிளியோடு அம்மன்" என்று தேடினால் மதுரை மீனாட்சி முன்னால் வந்து நிற்பாள். மீனாட்சிக்குக் கிளி வலக்கையில், ஆண்டாளுக்கு இடக்கையில். ஆண்டாள் கொண்டை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிப் போட்டுவிட்டால் இந்த அடையாளமும் ஏமாற்றும், ஆகவே கொண்டையையும் சேர்த்தே பாருங்கள். "பூரம்" என்பதைப் "பூராடம்" என்று அடித்துவிடும் கடைகளும் உண்டு. அது வேறு நட்சத்திரம். ஆடி மழையில் பெனர் எத்தனை நாள் நிற்கும் என்பதையும் யோசியுங்கள். அந்தக் காசு நெய்க்கு உதவும்.

இனி மாலை. ஆண்டாளைக் கொண்டாடுகிற இடத்தில் மாலைதான் நடு விஷயம். கோதை என்ற சொல்லுக்கே மாலை என்று பொருள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை அந்த ஊர்ப் பெருமாள் வடபத்ரசாயிக்குப் போகிறது. திருப்பதி பிரம்மோற்சவக் கருட சேவைக்கும், மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகருக்கும் அங்கிருந்தே மாலை போகிறது. நம் தோட்டத்துக் கோயில்களில் நடப்பது வேறு. ஆண்டாள் படத்துக்கு ஒரு மாலை, பெருமாள் படத்துக்கு ஒரு மாலை என்று இரண்டு கட்டி, ஒரே நேரத்தில் போட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு ஒரு மாலை போதும். முதலில் ஆண்டாளுக்குச் சாத்தி, பாசுரம் முடிந்த பிறகு களைந்து, அதையே பெருமாளுக்குச் சாத்துங்கள். பெருமாள் படம் கோயிலில் இல்லையென்றால் யார் வீட்டிலாவது இருக்கும் வெங்கடாசலபதி படத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கலாம். கட்டுகிறவர்கள் மாலையை முகர்ந்து பார்க்கவோ தோளில் போட்டு அளவு பார்க்கவோ கூடாது. சூடிக்கொடுக்கும் உரிமை அவளுக்கு மட்டும்.

அளவுக்குக் கயிறு பிடியுங்கள். இரண்டடி உயரப் படத்துக்கு ஐந்தடி மாலை சரியாகத் தொங்கும். முக்கால் அங்குலத்துக்கு ஒரு கட்டு என்றால் 80 கட்டு. கட்டுக்கு இரண்டு பூவும் ஒரு துளசிக் கொத்தும் வைத்தால் 160 பூ, 80 கொத்து. துளசிக் கொத்து இரண்டு அங்குலத்துக்கு மேல் போனால் மாலை துடைப்பம்போல் விரியும். நுவரெலியாக் குளிரில் துளசி நன்றாக வராது. ஆடியில் இலை கறுத்து உதிர்ந்துவிடும். பதுளை, மாத்தளைப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் முந்தின நாளே சொல்லி வையுங்கள். துளசி குறைவாகக் கிடைத்தால் இருப்பதை மாலை முழுவதும் தூவிக் கட்டாமல், நெஞ்சுக்கு நேரே வரும் ஓரடிக்கு மட்டும் நெருக்கமாகக் கட்டுங்கள்.

பூவைக் கெடுப்பது இரண்டு பக்கமும் இரண்டு காரணம். அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் ஆடியில் மழை விடாது. நனைந்த செவ்வந்தியை அப்படியே கட்டினால் முடிச்சுக்குள் நீர் நின்று மறுநாள் காலையில் காம்பு அழுகி நாறும். மாலையும் கனத்து நடுவில் அறும். பறித்த பூவைக் காய்ந்த வேட்டித் துணியில் ஒரு மணி நேரமாவது பரப்பிவிட்டுப் பிறகு கட்டுங்கள். அடுப்புப் பக்கத்தில் வைக்கக் கூடாது, இதழ் சுருண்டுவிடும். ஊவாப் பக்கம் நேர்மாறு. பதுளை, பசறை, பண்டாரவளையில் அந்த மாதங்களில் வறட்டுக் காற்று. அங்கே பூ வாடாமல் இருக்க, நனைத்துப் பிழிந்த துணிக்குள் வாழையிலை வைத்து மூட வேண்டும். நாருக்கு வாழைநார் நல்லது, பத்து நிமிஷம் ஊறப்போட்டால் போதும். பூத்தையல் நூல் பூக்காம்பை அறுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. வேலியோரம் குண்டு குண்டாகப் பூத்திருக்கிறது என்று ஹைட்ரேஞ்சியாவை மாலையில் செருகுகிறார்கள். பள்ளத்தில் அரளி கிடைத்தால் அதையும் சேர்க்கிறார்கள். இரண்டும் நஞ்சு. அலங்காரத்துக்கு இருக்கட்டும். ஆனால் அந்த மாலையிலிருந்து துளசியைப் பிய்த்துப் பிள்ளைகள் வாயில் போடக் கூடாது. தீர்த்தத்துக்கும் பிரசாதத்துக்கும் துளசியைத் தனித் தட்டில் முதலிலேயே எடுத்து வையுங்கள்.

நைவேத்தியம் அக்காரவடிசில், அதாவது பாலில் குழைய வேகவைத்த வெல்லச் சோறு. சர்க்கரைப் பொங்கல் செய்தாலும் குற்றமில்லை. ஆனால் இந்த நாளுக்கு உரியது இதுதான். மாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா (பெரிய பானை) வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் தருவதாக ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொண்டாள். பின்னால் வந்த இராமாநுசர் அந்த நேர்த்தியைச் செலுத்தினார் என்பது வரலாறு. அதனால்தான் அவர் அவளுக்கு அண்ணன் முறை, வாழித்திருநாமத்திலும் அவள் அவருக்குத் தங்கை. நூறு தடா நமக்கு ஆகாது. ஒரு சட்டி ஆகும்.

80 பேருக்கு ஆளுக்கொரு கரண்டி வர: பச்சையரிசி 1 கிலோ, வறுத்த பயற்றம்பருப்பு 250 கிராம், பசும்பால் 5 லீட்டர், தண்ணீர் 3 லீட்டர், வெல்லம் 2 கிலோ, நெய் 700 கிராம், கஜு (முந்திரிப்பருப்பு) 150 கிராம், பிளம்ஸ் (உலர்திராட்சை) 100 கிராம், ஏலக்காய் 20, பச்சைக் கற்பூரம் மொத்தத்துக்கும் ஒரு மிளகளவு. பச்சைக் கற்பூரம் கூடினால் முழுச் சட்டியும் கசக்கும், எடுக்க வழியில்லை. தீபத்துக்கு ஏற்றும் சூடத்தை அதற்குப் பதிலாகப் போட்டுவிடாதீர்கள். அது தின்கிற பொருளே அல்ல. சட்டி 20 லீட்டர் கொள்ள வேண்டும், அடி கனமாக இருக்க வேண்டும்.

பொருளைவிட நேரம் முக்கியம். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். அட்டனில் 96 வரும். கொதிப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் சூடு குறைவு, அரிசி மெதுவாகத்தான் வேகும். கொழும்பில் எழுதிய குறிப்பில் அரைமணி என்றிருந்தால் நமக்கு முக்கால் மணிக்கு மேல். அரிசியையும் பருப்பையும் கழுவி அரைமணி ஊறவைத்தால் பாதி தொல்லை தீரும். குக்கரில் சின்ன அளவாகச் செய்கிறவர்கள் வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட விடுங்கள்.

முதலில் தண்ணீரில் மட்டும் வேகவையுங்கள். ஆரம்பத்திலேயே பாலை ஊற்றினால் அரிசி வேகும் முன் பால் அடிப்பிடிக்கும். அரிசி முக்கால் வேக்காடு வந்ததும், தனியாகக் காய்ச்சி வைத்த பாலை ஒரு லீட்டர் ஒரு லீட்டராக ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கிண்டுங்கள். பாலைத் தனியாகக் காய்ச்சுவது சும்மா இல்லை. காலையில் கறந்தது பகல் முழுக்க இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) இருந்திருந்தால் லேசாகப் புளித்திருக்கும். காய்ச்சும்போதே திரைந்துவிட்டால் நஷ்டம் பாலோடு போகும். பால்மாதான் என்றால் லீட்டருக்கு 125 கிராம், வெதுவெதுப்பான நீரில் கரையுங்கள். கொதிநீரில் கட்டி தட்டும். பால்மாப் பால் சீக்கிரம் அடிப்பிடிக்கும், தீயைக் குறையுங்கள்.

விறகுக்குக் கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியில் வெட்டிய குச்சி) எரியப் பிடிக்கச் சரி. பாலைச் சுண்டவைக்கச் சரியில்லை. சடசடவென்று கொழுந்துவிட்டு எரிந்து ஐந்து நிமிஷத்தில் அணைந்துவிடும். நடுத்தீ நிற்கக் கட்டைவிறகு வேண்டும். அதை மூன்று நாள் முன்பே அடுப்புக்கு மேலே அடுக்கிக் காயவைத்திருக்க வேண்டும், ஆடியில் வெளியே எதுவும் காயாது.

அரிசியை விரல்களுக்கிடையில் நசுக்கினால் மாவாக வேண்டும். அது வரைக்கும் வெல்லத்தைத் தொடாதீர்கள். இனிப்பு சேர்ந்த பிறகு அரிசி மேற்கொண்டு வேகாது, நறுக்கரிசியாகவே நின்றுவிடும். தோட்டத்துக் கோயில்களில் அக்காரவடிசில் கெடுவதற்கு முதல் காரணம் இந்த அவசரம்தான். வெல்லத்தைக் கால் லீட்டர் நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, கையில் ஒட்டும் பதத்துக்குக் காய்ச்சி வையுங்கள். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, பத்து நிமிஷம் ஆறவிட்டு, பிறகு பாகை ஊற்றுங்கள். கொதிக்கும் பாலில் ஊற்றினால் வெல்லத்திலுள்ள புளிப்பு பாலைத் திரைத்துவிடும். கித்துள் பனையின் கருப்பட்டி நம் ஊர் வாசனை, கைவிட மனம் வராது. ஆனால் பதநீர் புளித்த பிறகு காய்ச்சிய கருப்பட்டி நிச்சயம் திரைக்கும். ஒரு துண்டைச் சூடான பாலில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பாதி கருப்பட்டி, பாதி வெல்லம் என்றால் நிறமும் அதிகம் கறுக்காது.

பாகு கலந்ததும் சிறுதீயில் பதினைந்து நிமிஷம். நெய்யை மூன்று தரமாக ஊற்றுங்கள். கடைசித் தரத்தில் கஜுவையும் பிளம்ஸையும் பொரித்துச் சேர்க்கலாம். முழங்கை வழியாக நெய் வார்வதைத் திருப்பாவையின் 27ஆம் பாட்டு சொல்கிறது. 700 கிராமுக்குக் கீழே குறைக்கச் சொல்லும் கமிட்டிப் பொருளாளரிடம் அந்தப் பாட்டைப் படித்துக் காட்டுங்கள். இறக்கும்போது கரண்டியிலிருந்து தளதளவென்று விழ வேண்டும். இறுகி நின்றால் அரைமணியில் கல்லாகிவிடும்.

ஊற வைப்பதிலிருந்து இறக்கும் வரை மூன்று மணி நேரம் வேண்டும். பின்னேரக் கொழுந்து நிறுத்து ஆட்கள் வீடு திரும்பி, குளித்து வர ஐந்தரை, ஆறாகும். அடுப்பை இரண்டரைக்கே மூட்டிவிடுங்கள்.

பாசுரத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருப்பாவை முப்பதையும் கூட்டமாகச் சொல்ல முக்கால் மணி ஆகும். மார்கழியில் பாடிப் பழகிய பிள்ளைகள் எல்லா டிவிஷனிலும் இருக்கிறார்கள். நாச்சியார் திருமொழி 143 பாட்டும் ஒரு சாயங்காலத்தில் முடியாது. திருமணக் கனவைச் சொல்லும் வாரணமாயிரம் 11 பாட்டு மட்டும் சேர்த்தால் அழகு. அதன் பிறகு மாலை மாற்றம், வாழித்திருநாமம், கற்பூரம்.

அம்மனுக்கு வளையல் சாத்துவதும் இதே நாள் என்பதால் சில கோயில்களில் ஆண்டாள் ஓரத்துக்குப் போய்விடுகிறாள். அம்மனுக்கு வளையல் அலங்காரத்தைக் காலையிலும், ஆண்டாள் பூசையைச் சாயங்காலமும் வைத்தால் இடிபாடில்லை. வளையல் வாங்கும்போது எல்லாவற்றையும் ஒரே அளவில் வாங்காதீர்கள். பெரியவர்களுக்கு 2.4, 2.6 அதிகம் போகும்; சிறுமிகளுக்கு 2.0, 2.2 வேண்டும். அளவு தவறிய வளையல் கோயில் பெட்டியில் அடுத்த ஆடி வரை கிடக்கும்.

ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) இரவு வேலைக்குப் போனவர்களின் பங்கை முதலிலேயே ஒரு மூடிப் பாத்திரத்தில் எடுத்து வையுங்கள். குளிரில் நெய் உறைந்து அது கெட்டியாகிவிடும். அவர்கள் வந்ததும் நேரே அடுப்பில் ஏற்றினால் அடி கருகும். அரை டம்ளர் சூடான பாலை ஊற்றி, பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்துக் கிளறினால் மறுபடியும் இளகி வந்துவிடும்.