கேரியர் இல்லாத பலகை

ஜூன் 14

மதியம் மின்வாரிய ஆட்கள் வந்து ஃப்யூஸ் கேரியரை, அதாவது ஃப்யூஸ் கம்பி பொருத்தியிருக்கும் பீங்கான் பிடியை, பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பலகையில் பீங்கான் குழி மட்டும் வாய் திறந்து கிடக்கிறது, உள்ளே பித்தளை நாக்கு இரண்டும் தெரிகின்றன.

பில் பாக்கிக்காகத் துண்டிப்போம் என்ற நோட்டீஸ் கைக்கு வந்தது 3ஆம் தேதி. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56 கேட்பது எழுத்து மூலம் முழுதாக 15 நாள். கொடுத்த நாளும் துண்டிக்கிற நாளும் கணக்கில் சேராது. 4லிருந்து 18 வரை எண்ணினால்தான் பதினைந்து. 19க்கு முன் கை வைத்திருக்கவே கூடாது.

ஜூன் 15

மீட்டர் ரீடிங் எழுதும் வெள்ளை அட்டையை எத்தனை முறை பார்த்தாலும் கண் ஏப்ரல் வரியில்தான் நிற்கிறது. கதவு பூட்டு. ரீடிங் இல்லை. முந்தைய கணக்கை வைத்துப் பணம் வாங்கிவிட்டு, இப்போது நான்கு மாத யூனிட்டையும் ஒரே பில்லில் போட்டுவிட்டார்கள். 760. பிரித்தால் இரண்டு மாதத்துக்கு 380தான். இரண்டு முறை கழிய வேண்டிய இலவச 100 யூனிட் ஒரே முறை கழிந்திருக்கிறது. 500ஐத் தாண்டியதால் 101 முதல் 200 வரைக்கான குறைந்த விலையும் போய்விட்டது. ஓடிய யூனிட் சரிதான், போட்ட விலைதான் தப்பு.

"பில் அதிகம்" என்று மொட்டையாக எழுதினால் மீட்டரை டெஸ்ட்டுக்கு அனுப்பச் சொல்வார்கள், நாள்தான் போகும். "இரண்டு கணக்கீட்டுக் காலத்துக்குப் பிரித்துப் போடுங்கள்" என்றே எழுத வேண்டும்.

ஜூன் 16

ஞாயிறு. இன்சுலின் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில், கதவுத் தட்டில். ஃப்ரீசரை ஒட்டி வைத்தால் உறைந்து வீணாகிவிடும்.

ஜூன் 17

பிரிவு 56இலேயே வழி இருக்கிறது. கேட்கிற தொகை, அல்லது கடந்த ஆறு மாதச் சராசரிப்படி வருவது, இதில் எது குறைவோ அதை எதிர்ப்புடன் கட்டினால் துண்டிக்கக் கூடாது. அந்த ஆறு மாதத்து மூன்று பில்லும் சேர்த்து 3,180. ஆறால் வகுத்தால் 530. இரண்டு மாதத்துக்கு 1,060.

கவுன்டரில் கம்ப்யூட்டர் முழுத் தொகையைத்தான் எடுக்கும் என்றார்கள். குறைந்த தொகையை எடுக்காவிட்டால் டி.டி., கூடவே கடிதம் இரண்டு படி. "எதிர்ப்புடன் செலுத்துகிறேன்" என்ற வார்த்தை கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் கட்டினால் பில்லை ஒத்துக்கொண்டதாகப் பேசுவார்கள். இரண்டாவது படியில் முத்திரையும் தேதியும் விழுந்த பிறகுதான் நகர்ந்தேன்.

ஜூன் 18

"ஒரு துண்டு கம்பி போதுமே" என்கிறார்கள். கூடவே கூடாது. துண்டித்த இணைப்பை நாமே கொடுத்துக்கொண்டால் பிரிவு 138, மூன்று ஆண்டு வரை சிறை. கையில் இருக்கிற நியாயமும் அத்தோடு போய்விடும்.

ஜூன் 19

இன்று 19.

ஜூன் 20

இனி "பழைய நோட்டீஸே முதிர்ந்துவிட்டது" என்பார்களோ என்று ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. முடியாது. 17ஆம் தேதியே எதிர்ப்புடன் கட்டியாகிவிட்டது.

வட்ட அலுவலகத்திலுள்ள மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு மனு எழுதியாயிற்று. அங்கே ஆகவில்லை என்றால் மின்குறைதீர்ப்பாளர். நோட்டீஸில் எந்தப் பிரிவு என்று மறுபடி பார்த்தேன். 126, அதாவது அனுமதியில்லாத பயன்பாடு என்றிருந்தால் பாதை வேறு: இறுதி உத்தரவு வந்து 30 நாளுக்குள், பாதித் தொகையைக் கட்டிவிட்டு மேல்முறையீடு. 135 என்றால் திருட்டு வழக்கு. இதில் 56 மட்டும். நிம்மதி.

ஜூன் 21

நாளை காலை ஆள் வருகிறாராம். கேரியரைச் சொருகும் முன் மெயினை அணைத்து, ஃப்ரிட்ஜ் பிளக்கைக் கழற்றி வைக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு விளக்கு. அது அளவுக்கு மீறிப் பளிச்சிட்டால் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) எங்கோ லூஸாக இருக்கலாம், உடனே அணைத்துவிட வேண்டும். மீட்டர் எண், சீல், ரீடிங் மூன்றும் ஒரே போட்டோவில், தேதியோடு.

ஜூன் 22

மணி பதினொன்று. குழி இன்னும் திறந்துதான் கிடக்கிறது.