மூடி வைத்த இடத்திலிருந்து

வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. வரலாறு படித்தேன். அமெரிக்க வரலாற்றுத் தாளில் முதல் முறை தேறவில்லை. ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலத்தில் ஆறு வாரம் புத்தகத்தைத் தொட முடியாது. விட்ட இடம் மறந்துபோகும். மறுபடியும் முதல் பாடத்திலிருந்தே தொடங்குவேன். பின்னாளில் அமெரிக்காவாகச் சேர்ந்த 13 பிரிட்டிஷ் குடியேற்றங்கள் தலைகீழ்ப் பாடமாயின. உள்நாட்டுப் போரை ஒருமுறைகூட எட்டவில்லை.

இரண்டாம் முறை எனக்கு வழி காட்டியது, ஆபிரகாம் லிங்கன் இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்த ஆண்டுகள். பள்ளிக்குப் போன நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஓராண்டு தேறாத மனிதர் அவர். 1834இல், 25 வயதில், தேர்தலில் வென்றார். வழக்கறிஞரான ஜான் ஸ்டூவர்ட் சட்டம் படிக்கச் சொல்லிப் புத்தகங்களை இரவல் கொடுத்தார். நியூ சேலம் என்ற சிற்றூரில், ஆசிரியர் யாருமின்றிப் படிப்பு. சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் நில அளவை வேலை. சட்டமன்றம் கூடினால் சட்டப் புத்தகங்களை மூடி வைப்பார். கூட்டத்தொடர் முடிந்ததும் மீண்டும் எடுப்பார். 1860இல் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதிக்கொடுத்த குறிப்பில் அவரே இதைச் சொல்கிறார். 1836 செப்டம்பரில் வழக்கறிஞர் உரிமம் கிடைத்தது. அடுத்த ஆண்டே ஸ்பிரிங்ஃபீல்டில் ஸ்டூவர்ட்டுடன் சேர்ந்து தொழில் தொடங்கினார்.

‘மீண்டும் எடுப்பார்’ என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். அன்றிலிருந்து புத்தகத்தை மூடும்போது ஒரு துண்டுச் சீட்டு வைத்தேன்: கடைசியாகப் புரிந்தது எது, அடுத்துத் தேட வேண்டிய கேள்வி எது. ஆறு வாரம் கழித்துத் திறந்தாலும் அந்தச் சீட்டிலிருந்துதான் தொடங்குவேன். வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்கள் இதை மட்டுமாவது செய்து பாருங்கள்.

லிங்கன் வாய்விட்டுப் படிப்பவர். கண்ணோடு காதும் சேர்ந்தால் நன்றாகப் பதியும் என்பது அவர் எண்ணம். மொட்டை மாடியில் நானும் அப்படியே படித்தேன். ஆண்டுகள் நினைவில் நின்றன.

இனி விடைத்தாள். லிங்கனும் அடிமை முறையும் என்று கேட்டால் பலரும் 1863 விடுதலைப் பிரகடனத்தில் தொடங்குகிறார்கள். 1837 மார்ச் 3இல் தொடங்குங்கள். அடிமை முறை அநீதி என்று இல்லினாய் கீழவையில் அன்று பதிவான எதிர்ப்பில் கையெழுத்திட்டவர்கள் இருவரே: டான் ஸ்டோன், 28 வயது லிங்கன். அடிமை ஒழிப்புப் பிரச்சாரம் அந்தத் தீமையை வளர்க்கவே செய்யும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அதை மறைக்காமல் எழுதுங்கள். 26 ஆண்டுகளில் அவர் எவ்வளவு தூரம் நடந்தார் என்பதுதான் விடையின் உயிர்.

அந்த முறை தேறினேன். 13 குடியேற்றங்களை, தேர்வுக்கு முந்தைய நாள் மாலையில் ஒரே ஒருமுறை புரட்டினேன்.