45 நாளைக்கு ஒரு போன்

எங்கள் ஊர் பேராவூரணிக்குத் தெற்கே, கடலுக்குப் போகிற வழியில் இருக்கிறது. கல்லணைக் கால்வாயின் கடைமடை. தண்ணீர் வந்து சேருமா என்பது எந்த வருடமும் நிச்சயமில்லை. அதனால் தாத்தா காலத்திலேயே நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறிவிட்டோம். மூன்று ஏக்கரில் 212 மரம்.

எங்கள் வீட்டில் மாதக் கணக்கு கிடையாது, வெட்டுக் கணக்குதான். 45 நாளைக்கு ஒரு முறை தேங்காய் வெட்டு. என் ஹாஸ்டல் பணம், அக்கா கல்யாணக் கடன், பாட்டியின் கண் ஆபரேஷன், எதுவானாலும் "அடுத்த வெட்டுல பாத்துக்கலாம்" என்பார் அப்பா. நான் சிங்கப்பூர் வந்த பிறகு, அவராகப் போன் செய்வது வெட்டு முடிந்த சாயங்காலம் மட்டும்தான். எத்தனை காய், வியாபாரி கழித்தது போக எவ்வளவு, என்ன விலை. சொல்லி முடித்ததும் "சரி பாப்பா, வச்சுடறேன்". எங்கள் இருவருக்கும் அந்தக் கணக்கே பேச்சாக இருந்தது.

2018 நவம்பர் 15, வியாழக்கிழமை இரவு. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நமக்குத் தள்ளித்தானே என்று நினைத்தேன். "காத்து கொஞ்சம் இருக்கு, நீ தூங்கு" என்றாள் அம்மா. தூங்கியும்விட்டேன். நள்ளிரவு தாண்டி அது கரையேறியபோது எனக்கு விடியற்காலை மூன்று மணி. இன்றுவரை அந்தத் தூக்கத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் எந்த எண்ணும் போகவில்லை. அம்மா, அப்பா, சித்தப்பா, தெருமுனை மளிகைக்கடை, பள்ளித் தோழி, எல்லாருக்கும் அடித்துப் பார்த்தேன். டவர் இல்லை, கரண்ட் இல்லை. ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை இங்கே லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போனேன். பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை, மன்னார்குடிப் பையன்கள் கூட்டம் கூட்டமாகப் போனைக் காதில் வைத்தபடி நின்றார்கள். யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. யாருக்காவது லைன் கிடைத்தால் சுற்றி நின்றவர்கள் எல்லாம் அவனிடம் தங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள்.

புதன்கிழமை சித்தப்பா மகன் பைக்கில் தஞ்சாவூர் வரை போய் அங்கிருந்து கூப்பிட்டான். "எல்லாரும் இருக்கோம்க்கா. ஓடு போச்சு. மாடு இருக்கு. மரம்தான்..." என்று நிறுத்தினான். நானும் கேட்கவில்லை.

அலுவலகத்தில் "வீட்டில் எல்லாரும் நலமா?" என்று அக்கறையாகக் கேட்டார்கள். நலம் என்றேன். உண்மைதானே. கஜாவில் வீட்டு மனிதர்களையே பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் மரத்துக்காக அழ எனக்குக் கூச்சமாக இருந்தது. கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கன்று என்று நாங்கள் சொல்வதில்லை, தென்னம்பிள்ளை என்போம். பிள்ளை வைத்து, கோடையில் குடம் குடமாக ஊற்றி, ஐந்தாறு வருடம் காத்திருந்தால்தான் முதல் பாளை. அத்தனை பிள்ளைகள் ஒரே ராத்திரியில் போனதை அங்கே யாரிடம் எப்படிச் சொல்வது?

பொங்கலுக்குப் போனேன். வாசலில் இறங்கியதும் கண் கூசியது. எங்கள் வீட்டு முற்றத்தில் அவ்வளவு வெயிலை நான் பார்த்ததே இல்லை. கொல்லையில் நின்றால் பக்கத்து ஊர்க் கோவில் தெரிந்தது. முதலில் வடக்கே இருந்து அடித்து, கொஞ்சம் ஓய்ந்து, பிறகு தெற்கே இருந்து அடித்ததாம். அப்பா கையால் முறுக்கிக் காட்டினார். நின்ற 11 மரங்களுக்கும் குருத்து திருகியிருந்தது. அப்புறம் சிவப்புக் கூன்வண்டு விழுந்து அவையும் போயின.

அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் கொடுத்தது. அந்தத் தொகை வந்த அன்றைக்கு அப்பா என்னிடம் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னாள். காய் விற்ற காசைப் பற்றி மட்டும்தான் அவர் பேசுவார் போல.

2019இல் நெட்டை குட்டை ஒட்டு ரகத்தில் மறுபடி பிள்ளை வைத்தார். 25 அடிக்கு ஒன்று, அதே அளவு. ஆனால் போன் வரவில்லை. நான் வாரம் தவறாமல் கூப்பிடுவேன், "நல்லா இருக்கேன், அம்மாட்ட குடுக்கறேன்" என்பார். ஊர் என்னிடமிருந்து எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரிந்தது அந்த வருடங்களில்தான்.

போன வருடம் ஆடி மாதம் ஒரு சாயங்காலம், மீட்டிங்கில் இருக்கும்போது அப்பா பெயர் திரையில் வந்தது. பதறிப்போய் வெளியே ஓடி எடுத்தேன்.

"பாப்பா, 340 காய்."

அவ்வளவுதான் சொன்னார். நான் விலை கேட்டேன். சொன்னார். வியாபாரி எத்தனை கழித்தார் என்று கேட்டேன். அதையும் சொன்னார். "சரி பாப்பா, வச்சுடறேன்" என்றவர் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். பின்னால் மட்டை இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.