வேலை நடக்கும் சதுக்கம்: ஆண்டிகுவா நாட்குறிப்பு

மார்ச் 8, 2024, வெள்ளி

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் இருக்கும் ஆண்டிகுவா நகரின் மையச் சதுக்கத்தை ஊர்க்காரர்கள் ‘பார்க்கே சென்ட்ரல்’ என்கிறார்கள். இன்று படம் எடுப்பதைவிட, வெயில் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வதே முதல் வேலையாக இருந்தது. கிழக்கே பேராலயம். மேற்கு நோக்கிய அதன் முகப்பு காலை முழுவதும் நிழலில் கிடந்து, மாலையில் முகம் கழுவி வந்ததுபோல் பளிச்சிடுகிறது. தெற்கே கேப்டன் ஜெனரல்களின் அரண்மனை. இன்றைய மெக்சிகோவின் சியாப்பாஸ் முதல் கோஸ்டா ரிக்கா வரையிலான நிலப்பரப்பை ஸ்பானியர்கள் இங்கிருந்துதான் ஆண்டார்கள். வடக்கு பார்த்த அதன் இரண்டு அடுக்கு வளைவுகளில் இந்த மாதம் வெயில் விழுவதில்லை. எதிரே, 1743இல் கட்டி முடித்த நகரசபைக் கட்டடம் நாள் முழுவதும் வெயில் காய்கிறது. மேற்குப் பக்கம் கடைகள் நிறைந்த தாழ்வாரம்.

அட்சரேகைப்படி இந்த ஊர் சென்னைக்குச் சற்றே வடக்கு. ஆகவே நண்பகலில் தலைக்கு மேல் இறங்கும் வெயிலும், கண்ணைக் குழியாக்கிவிடும் நிழலும் எனக்குப் பழக்கமானவை. ஆனால் ஊர் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வியர்ப்பதில்லை. பதினொரு மணிக்கு மேல் தாழ்வாரங்களுக்குள் புகுந்துவிட வேண்டியதுதான்.

நகரசபையின் மாடித் தாழ்வாரத்தில் நின்றால் அரண்மனைக்குப் பின்னால் ஆகுவா எரிமலை முழுசாகத் தெரியும். எல்லோரும் எடுக்கும் படம் அது. நானும் எடுத்தேன், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உயரத்திலிருந்து பார்த்தால் கீழே இருப்பவர்கள் புள்ளிகளாகிவிடுகிறார்கள். எனக்கு வேண்டியது அந்தப் புள்ளிகள்.

மார்ச் 9, சனி

விடியற்காலை ஆறு மணிக்குச் சதுக்கம் முழுக்க உழைப்பவர்கள் கையில் இருக்கிறது. ஜகராண்டா மரங்கள் பூத்து உதிரும் பருவம். துப்புரவுப் பணியாளர்கள் ஊதாப் பூக்களைக் குவியல் குவியலாகப் பெருக்கித் தள்ளுகிறார்கள். ஒரு பெண் பெரிய பானையைத் துணியால் சுற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அதில் இளஞ்சோளத்தை அரைத்துக் காய்ச்சிய சூடான ‘அத்தோல்’. வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடி குடித்துவிட்டு நடக்கிறார்கள்.

இன்று அதிக நேரம் ஷூ பாலிஷ் போடும் ஒருவருடன் கழிந்தது. ஐம்பது வயதிருக்கும். மரப்பெட்டிதான் கடை, அதன் மேல்பலகைதான் வாடிக்கையாளர் கால் வைக்கும் இடம். பாலிஷ் தொடுவதற்கு முன் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளைக் காலுறைக்கும் ஷூவுக்கும் நடுவில், பக்கத்துக்கு ஒன்றாகச் செருகுகிறார். காலுறையில் கறை படக் கூடாது. பிறகு பிரஷ்ஷை ஓரம் வைத்துவிட்டு, விரலில் சுற்றிய துணியால் சிறு வட்டங்களாகத் தேய்க்கிறார். அனுமதி கேட்டு அந்தக் கைகளை மட்டும் எடுத்தேன். நகக்கண்ணில் படிந்த கறுப்பு பிரிண்டில் தெரிய வேண்டும் என்பதற்காக ஒளியைச் சற்றுக் கூட்டி வைத்தேன்.

நடுவில் கடற்கன்னிகளின் நீரூற்று. டியேகோ தெ போர்ரெஸ் 18ஆம் நூற்றாண்டில் அமைத்தது. மார்பிலிருந்து நீர் பொழியும் இப்போதைய சிலைகள் 20ஆம் நூற்றாண்டில் செய்து வைத்தவை. பயணிகள் சிலைகளை எடுக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களோ நீரூற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்த முதுகுகளுக்கு எதிரே நின்றால் நல்ல முகங்கள் கிடைக்கின்றன.

மார்ச் 11, திங்கள்

பயணிகளிடம் ஒரு புலம்பல் அடிக்கடி காதில் விழுகிறது: “இங்கே படம் எடுத்தால் காசு கேட்கிறார்கள்.” கேட்டால் என்ன தவறு? குவாத்தமாலாவின் அஞ்சலட்டைகளிலும் விளம்பரத் தட்டிகளிலும் நிறைந்திருப்பவை மாயா பழங்குடிப் பெண்களின் முகமும் உடையும்தான். அதில் அவர்களுக்கு வந்து சேர்ந்தது என்ன?

சான் அன்டோனியோ அகுவாஸ் கலியெந்தெஸ் என்ற பக்கத்து ஊரிலிருந்து வரும் ககிச்சிகெல் என்ற மாயா இனப் பிரிவைச் சேர்ந்த பெண் நெசவாளர் ஒருவருடன் இன்று பேசினேன். துணி மூட்டையைத் தலையிலிருந்து இறக்கி, ‘வீப்பில்’ என்னும் மேலாடை ஒன்றை விரித்தார். இடுப்பில் கட்டி நெய்யும் தறியில் நெய்தது. உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார்: பூவும் கோடும் வெளிப்புறத்தில் இருப்பது போலவே, ஒரு நூல் பிசிறு இல்லாமல். அவர் ஊரின் பெருமையே அதுதான். நெய்து முடிக்க மாதக்கணக்காகும் என்றார்.

இந்தப் பகுதியில் நெசவாளர்கள் ஓர் இயக்கமாகவே திரண்டிருக்கிறார்கள். தங்கள் நெசவு வடிவங்களை யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கும் நிலை மாற வேண்டும், சமூகத்தின் கூட்டுச் சொத்தாக அவற்றைச் சட்டம் ஏற்க வேண்டும் என்று 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார்கள். துணிக்குப் பொருந்தும் நியாயம் படத்துக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

அந்த அம்மாள் சம்மதித்த பிறகுதான் கேமராவைத் தூக்கினேன். மூட்டையைத் தலையில் ஏற்றும் அந்த நொடியை எடுத்தேன். சீருடைக் காவலர்கள் எதிர்முனையில் தென்பட்டதும் விற்பனைப் பெண்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். இங்கே நடந்து விற்பவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. காலனியக் காலத்தில் சந்தை கூடியதே இந்த இடத்தில்தான். பெஞ்சுகளுக்கும் பூச்செடிகளுக்கும் முன்னால் வந்தது வியாபாரம்.

மார்ச் 13, புதன்

சதுக்கத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் சிர்மா என்ற ஆய்வு மையம் இருக்கிறது. அதன் ஒளிப்படக் காப்பகத்தில் படங்கள் உள்ள ஓர் ஒளிப்படக்காரரின் கதையை இன்று முழுக்கப் படித்தேன். ஜப்பானில் பிறந்த கோஹெய் யாசு. 1874இல் வெள்ளிக் கோள் சூரியனுக்கு முன்னால் கடந்துபோவதைப் பார்க்க ஜப்பானுக்கு வந்த மெக்சிக வானியலாளர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகி, அவர்களோடு கடல் கடந்து, பிறகு குவாத்தமாலா வந்து சேர்ந்தார். கத்தோலிக்கராகி ஹுவான் ஹோசே தெ ஹெசுஸ் யாஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டார். ஆண்டிகுவாவில் ஸ்டுடியோ வைத்து, 1917இல் இறந்தார்.

அதே நூற்றாண்டில், 1875இல், எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகழ்பெற்ற ஒளிப்படக்காரரும் இங்கே படம் எடுத்தார். அவரை அனுப்பியது ஒரு கப்பல் நிறுவனம். பயணிகளையும் காப்பித் தோட்ட முதலீட்டாளர்களையும் ஈர்ப்பது நோக்கம். படங்கள் அபாரமானவை, மறுப்பதற்கில்லை. ஆனாலும் என் மனம் யாஸ் பக்கமே சாய்கிறது. அவரிடம் வந்து உட்கார்ந்தவர்கள் தங்களுக்காக, தங்கள் வீட்டுச் சுவருக்காகப் படம் கேட்டு வந்தவர்கள். எப்படித் தெரிய வேண்டும் என்பதில் அவர்களுக்கும் ஒரு சொல் இருந்தது.

மார்ச் 17, ஞாயிறு

தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. சான் பர்த்தொலோமே பெசெர்ரா ஆலயத்திலிருந்து சிலுவையோடு விழுந்த இயேசுவின் சுரூபம் ஊர்வலமாக வரும் நாள். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தைக் குவாத்தமாலா கொண்டாடும் விதம் 2022இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முன்னோட்டம் போன்றவை இந்த ஞாயிறுகள்.

நான் பின்தொடர்ந்தது ஒரு கம்பளத்தை. ஊர்வலப் பாதையில் ஒரு குடும்பம் கல் பதித்த தெருவில் முதலில் வெறும் மரத்தூளைக் கொட்டிச் சமன் செய்தது. மேலே அட்டையில் வெட்டிய அச்சுகளை வைத்து, சாயமிட்ட மரத்தூளைச் சல்லடையால் சலித்துத் தூவினார்கள். பாட்டி கையில் பூவாளி. காற்று கிளம்பும் போதெல்லாம் நீர் தெளித்துத் தூளை அடக்கினார். ஓரம் கட்டப் பைன் ஊசியிலைகள். கோலம் போட்டு வளர்ந்த வீட்டிலிருந்து வந்தவனுக்கு, மிதிபடப்போவதை இவ்வளவு திருத்தமாகச் செய்வது ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

சாம்பிராணிப் புகை, ஊதா அங்கிகள், இறுதி யாத்திரை இசை வாசிக்கும் பேண்டு. சுமப்பவர்கள் தோள் கொடுத்து அசைந்தசைந்து வர, கம்பளம் அவர்கள் காலடியில் கலைந்தது. கேமராக்கள் எல்லாம் சுரூபத்தோடு போய்விட்டன. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பேண்டு கடந்த கையோடு மண்வாரியும் துடைப்பமும் லாரியுமாகத் துப்புரவுக் குழு வந்து, மரத்தூளை வாரிப்போட்டுக்கொண்டு போனது. இன்றைய படங்களில் எனக்குப் பிடித்தவை அவர்களுடையவை. அங்கியின் ஓரத்தை மடித்துச் செருகிக்கொண்டு வாருகோலுக்குக் கை கொடுத்த சுமையாளர் ஒருவரும் அதில் இருக்கிறார்.

மார்ச் 20, புதன்

பிரிண்டுகள் வந்துவிட்டன. வாக்குக் கொடுத்தபடி எடுத்துப் போனேன். பாலிஷ் போடுபவர் தன் கைகளின் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டார். வாடிக்கையாளர்கள் பார்க்கட்டும் என்றார்.

நெசவாளருக்குத் தன் படம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மூட்டை தூக்கும்போது வீப்பில் கசங்கித் தெரிகிறதாம், கழுத்தோரத்து வேலைப்பாடு மறைந்துவிட்டதாம். பார்த்தேன், அவர் சொன்னது சரி. “ஞாயிற்றுக்கிழமை புதியதை உடுத்திக்கொண்டு என் தங்கையையும் அழைத்து வருகிறேன். பேராலயத்துக்கு முன்னால், நிமிர்ந்து நிற்கும்படி எடு” என்றார். குருத்தோலை ஞாயிறு என்பதால் மாலையில் சதுக்கத்தில் நகர இடமிருக்காது. முகப்பில் வெயில் விழவும் வேண்டும், கூட்டம் சேரவும் கூடாது. பிற்பகல் இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.