வளவுச் சுவரில் இருக்கும் மான்கொம்பு

யூடியூபில் அமெரிக்காவின் டெக்சாஸ் பண்ணை மானின் பெரிய கொம்பைப் பார்த்துவிட்டு வந்தால், நம்மூர் வளவுச் சுவரில் தொங்கும் கொம்பு நோஞ்சானாகத்தான் தெரியும். இரண்டையும் ஒரே அளவுகோலில் வைப்பதுதான் தப்பு.

முதலில் அடியைப் பாருங்கள். மண்டை எலும்பு ஒட்டியிருந்தால் செத்த மானின் தலையில் இருந்து எடுத்தது. அடி சொரசொரப்பாகக் குமிழ்ந்திருந்தால் தானாக உதிர்ந்தது. ஆண்மானுக்குக் கொம்பு உதிர்ந்து உதிர்ந்து முளைக்கும். புள்ளிமான் கொம்பில் பக்கத்துக்கு மூன்று கிளை இருக்கும். கிளையில்லாமல் திருகித் திருகிப் போனால் அது வெளிமான். அதன் கொம்பு உதிராது. உள்ளே எலும்பு, மேலே உறை.

டெக்சாஸில் இருப்பது வெள்ளைவால் மான். கொம்பின் அளவை வயது, தீனி, மரபு மூன்றும் முடிவு செய்கின்றன. பண்ணைக்காரர் மூன்றையும் தன் கைக்குள் வைத்துக்கொள்கிறார். பேர்போன ஆண்மானின் விந்தை ஊசியில் ஏற்றுகிறார், புரதத் தீனியை அளந்து போடுகிறார், சுற்றி 8 அடி வேலி அடிக்கிறார். கிளையெல்லாம் புதர் மாதிரி மண்டிவிடும். ஒழுங்கான கொம்புள்ள காட்டு மானில் சாதனை 1993-ல் கனடாவின் சஸ்காட்சுவனில் சுட்டது, 213 5/8 அங்குலம். இது ஒரு கொம்பின் நீளமல்ல, தண்டு, கிளை, சுற்றளவு எல்லாம் அளந்து கூட்டிய கணக்கு. பண்ணையில் 400-ஐத் தாண்டியவை உண்டு. ஆனால் இந்தச் சாதனைகளைப் பதிவு செய்யும் அமெரிக்காவின் பூன் அண்ட் கிராக்கெட் கிளப் வேலிக்குள் சுட்ட மானைப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. சரியான ஏற்பாடுதான்.

கொம்பு சிறுத்த மான்களைச் சுட்டுக் கழித்தால் காட்டு இனம் திருந்திவிடும் என்கிறவர்களும் உண்டு. பாதி மரபு தாயிடமிருந்து வருகிறது. தாய்க்குக் கொம்பே கிடையாது, எதைப் பார்த்துக் கழிப்பது?

நம் பக்கத்துப் புலிக்குளம் மாடும் தேர்ந்தெடுத்து வளர்த்ததுதான். ஆனால் கிடை போட்டு, வெயிலில் நடந்து மேய்ந்து பிழைத்த மாட்டிலிருந்துதான் ஜல்லிக்கட்டுக்குக் காளை எடுக்கிறார்கள். கொம்போடு பாய்ச்சலும் தெம்பும் கணக்கு. கொம்பை மட்டும் பார்த்து அடைத்து வளர்த்தால் நோய் உள்ளே வருவது தெரியாது. மானுக்கு வருவது சி.டபிள்யூ.டி. (கிரானிக் வேஸ்டிங் டிசீஸ்). பிரியான் எனும் உருக்குலைந்த புரதத்தால் மூளையை அரிக்கும் நோய். 1967-ல் கொலராடோவில் அடைத்து வைத்திருந்த மான்களிடம் முதலில் தெரிந்தது. 2015-ல் டெக்சாஸ் பண்ணையிலும் வந்தது. எச்சில், சிறுநீர் வழியாகப் பரவி மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். தொற்றிய மான் ஒன்றரை வருடம் வரைகூட நன்றாகவே தெரியும். அதற்குள் லாரியில் ஏறி அடுத்த பண்ணைக்குப் போயிருக்கும். தடுப்பூசி கிடையாது, மந்தையையே கொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்த பிறகு பொழுதுபோக்கு வேட்டை என்பதே கிடையாது. கொம்பு வியாபாரமும் அதே சட்டத்துக்குள் வருகிறது. ஆகவே பழைய கொம்பைப் பழைய பொருள் கடையில் விலை கேட்காதீர்கள், கொடுக்கவும் வேண்டாம்.

துடைக்கும்போது கவனம். தோல் போர்த்திய பழைய தலைகளில் பூச்சி வராமலிருக்க ஆர்சனிக் பூசுவது அந்தக் கால வழக்கம். வாயால் ஊதாதீர்கள். முகமூடி, கையுறை போட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், அந்தத் துணியைத் துவைக்காமல் தூக்கிப் போடுங்கள். வெறும் கொம்புக்கு உலர்ந்த பிரஷ் போதும். வார்னிஷ் அடித்தால் மணிமணியான மேற்பரப்பு மூடிப்போகும்.